பேத்திக்கு மஞ்சள் இறங்கின கதை

மூணு மாசமா நான் எதுவும் எழுதல. "பிசானம் என்னாச்சு அண்ணாச்சி, மழையில போயிட்டா?"ன்னு ரெண்டு மூணு பேரு கேட்டிருந்தீங்க. பயிர் நல்லாத்தான் இருக்கு, கதிர் வாங்கிட்டு. எழுதாம இருந்ததுக்குக் காரணம் பயிர் இல்ல, பேத்தி.

போன ஐப்பசியில நாத்துப் பாவி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. மழை விடாம ஊத்துது. கன்னடியன் கால்வாய்த் தண்ணியும் மழைத்தண்ணியும் சேர்ந்து நாத்தங்கால் முங்கிரக் கூடாதேன்னு வடிகால் வெட்டிட்டு நின்னேன். மடியில இருந்த போன் அடிச்சது. மகள்தான். "அப்பா, பனிக்குடம் ஒடஞ்சிட்டு." அவளுக்கு அப்போ 33 வாரம். வளைகாப்பு முடிஞ்சு வீட்டுக்கு வந்து பதினஞ்சு நாள்கூட ஆகல. மருமகன் திருப்பூர்ல இருக்காரு.

மம்பட்டியை அங்கனயே போட்டுட்டு ஓடினேன். 108 வந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அன்னைக்கு ராத்திரியே பேத்தி பிறந்துட்டா. எடை 1 கிலோ 740 கிராம். வாழைத்தார் எடை போட்டுப் பழகின கை எனக்கு. ஒரு நல்ல ஏத்தன் சீப்பு இதைவிடக் கூட நிக்கும்.

எங்க அம்மா கேட்டதும் ஒரே வார்த்தைதான் சொன்னா. "எட்டாம் மாசம்லா." அதுக்கு மேல பேசல. ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காதுன்னு எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு. இது சுத்தத் தப்பு. வயித்துக்குள்ள ஒவ்வொரு வாரம் கூட இருக்க இருக்க பிள்ளைக்கு லாபம்தான். ஆனா அம்மா அதை வேற காரணத்துக்காகச் சொன்னா. அதுக்குப் பிறகு வாரேன்.

பிள்ளையை உடனே பச்சிளம் குழந்தைங்க வார்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. மூணாம் நாள் நர்சம்மா பிள்ளையோட நெத்தியில விரலை வச்சு லேசா அமுக்கி எடுத்தாங்க. அமுக்கின எடம் ஒரு நொடி மஞ்சளாத் தெரிஞ்சது. அப்புறம் நெஞ்சுல அமுக்கினாங்க, அங்கயும் மஞ்சள். இந்த மஞ்சள் முகத்துல ஆரம்பிச்சு கீழே காலை நோக்கி இறங்குமாம். இறங்க இறங்க அளவு கூடிட்டுன்னு அர்த்தம். கண்ணால பாத்ததை மட்டும் நம்பக் கூடாதுன்னு குதிங்கால்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க. 12.6 வந்தது. நிறைமாசப் பிள்ளைக்கு மூணாம் நாள் இந்த அளவு பெரும்பாலும் பயப்படுற அளவு இல்ல. குறைமாசப் பிள்ளைக்கு இது விளக்குல வைக்க வேண்டிய அளவு.

வச்சாங்க. உடம்புல ஒத்தைத் துணி, அதுவும் இடுப்புல மட்டும். கண்ணுக்கு ஒரு கட்டு. மேலே நீல விளக்கு. கண்ணாடிக்கு வெளியே நின்னு பாத்தா அந்தக் குட்டி உடம்பு முழுக்க ஊதா நீலமாத் தெரியும். மஞ்சள் இருக்கா இல்லையான்னே கண்டுபிடிக்க முடியாது.

அம்மாவுக்குப் பொறுக்கல. "பச்சப்பிள்ளையை உரிச்சுப் போட்டு, கண்ணைக் கெட்டி, லைட்டுக்கு அடியில கெடத்தி வச்சிருக்காளுவ. குளுந்து போயிராதா?" மறுநாள் காலையில மழை விட்டு வெயில் பளிச்சுன்னு அடிச்சது. ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில உக்காந்திருந்த அம்மா எந்திரிச்சிட்டா. "ஏலே, வெயில் வந்துட்டுல்லா. பிள்ளையை வாங்கிட்டு வா, வீட்டுக்குப் போவோம். காலையில அரை மணி நேரம் முத்தத்துல எளவெயில்ல காட்டினா எல்லாம் எறங்கிரும். கீழாநெல்லி வேற வரப்பு பூரா மொளச்சுக் கெடக்கு. நான் எத்தனை பிள்ளைக்குப் பாத்திருக்கேன்."

மறைக்காமச் சொல்லுதேன், எனக்கும் அதுல பாதி சம்மதம். நாத்தங்கால் அங்க எப்படிக் கெடக்கோன்னு ஒரு கவலை. நாலு நாளாத் தூக்கமில்ல. அதோட, மஞ்சளுக்கு வெயில்ங்கறது நான் பிறந்ததுல இருந்து கேட்ட சங்கதி. விளக்கு வெளிச்சம்னா என்ன, சூரிய வெளிச்சம்னா என்ன, ரெண்டும் வெளிச்சம்தானே? எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போயிரலாம்னு ஒரு எண்ணத்தோடதான் டாக்டரம்மாவைப் பாக்கப் போனேன். சின்ன வயசுப் பொண்ணு, என் மகளைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும்.

"எங்க தம்பியும் எட்டாம் மாசத்துப் பிள்ளைதாம்மா. அவனுக்கும் இப்படித்தான் மஞ்சள் வந்தது. ஆஸ்பத்திரிக்கே போகல. எங்க அம்மா வெயில்லயே காட்டிப் பொழைக்க வச்சுட்டா" என்றேன்.

அவங்க கோவப்படல. எழுதிட்டிருந்த பேனாவை மூடினாங்க. "உங்க தம்பி இப்ப எப்படி இருக்காங்க ஐயா?"

"இருக்கான்மா. எங்க கூடத்தான் இருக்கான். நடக்க வராது."

"காது?"

"கேக்காது."

"கை கால் அவரு நெனைக்காமலே முறுக்குமா?"

"ஆமா."

"பால்பல்லு எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. முளைக்கும்போதே ஒரு மாதிரி பச்சை ஓடி, சொத்தை மாதிரி இருந்தது. சொன்னேன்.

"மேல எதையாவது பாக்கணும்னா கண்ணை மட்டும் தூக்கிப் பாப்பாரா, தலையையே சாய்ப்பாரா?"

எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிட்டு. சின்னவன் தென்னமரத்து உச்சியைப் பாக்கணும்னா கழுத்தையே முழுசாப் பின்னால சாய்ச்சுத்தான் பாப்பான். நாங்க அதை அவன் பழக்கம்னுதான் நெனச்சோம். இந்த அம்மா அவனைப் பாத்ததே இல்ல, பேரு கூடத் தெரியாது.

"இத்தனை வருஷம் கழிச்சு உறுதியாச் சொல்ல முடியாது ஐயா. ஆனா மஞ்சள் மூளையில ஏறினா வர்ற அடையாளம் இதெல்லாம்தான். புத்தி நல்லாத்தானே இருக்கும் அவருக்கு?"

புத்திக்கு என்ன, வீட்டுல அத்தனை பேரு மனசையும் மூஞ்சியைப் பாத்தே படிச்சிருவான்.

சின்னவன் பிறந்தது 1980 சித்திரையில. எனக்கு ஒன்பது வயசு. பிறந்து மூணாம் நாள் மஞ்சள். அக்கினி நட்சத்திரம் நெருங்குத நேரம், வெயிலுக்குப் பஞ்சமே இல்ல. தினமும் காலையில அம்மா அவனைப் பழைய சேலைத்துணியில சுத்தி, மூஞ்சி மட்டும் தெரியுத மாதிரி முத்தத்துல வச்சிட்டு உக்காந்திருப்பா. அஞ்சாம் நாளு அவன் அழுத அழுகை எனக்கு இன்னும் காதுல இருக்கு. பிள்ளை அழுகை மாதிரி இல்ல, கீச்சுன்னு ஒரு சத்தம். உடம்பை வில்லு மாதிரிப் பின்னால வளைச்சான். பால் குடிக்கல. திருநீறு போட்டாங்க. ஒரு வாரத்துல அழுகை நின்னுட்டு, பால் குடிச்சான். பிழைச்சுட்டான்னு வீடே சந்தோசப்பட்டது. வருஷம் ஒண்ணாகியும் தலை நிக்கல.

அதுக்கு ஊரு ஒரு காரணம் கண்டுபிடிச்சது. அந்த வருஷம் பிப்ரவரி 16ஆம் தேதி மத்தியானத்துக்கு மேல பெரிய சூரிய கிரகணம். அம்மா வயித்துல சின்னவன். கன்னுக்குட்டி கயித்தை அத்துட்டு ஓடுதுன்னு அம்மா வெளியே வந்துட்டா. அவ்வளவுதான். எங்க அப்பாவைப் பெத்த ஆச்சி சாகுத வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினா. அன்னையில இருந்து எந்தக் கிரகணத்துக்கும் அம்மா நடையைத் தாண்டினதில்ல, பச்சத் தண்ணி குடிச்சதில்ல.

இதையெல்லாம் டாக்டரம்மாகிட்ட நான் சொல்லல. "அந்த விளக்கு என்னம்மா செய்யுது?"ன்னு மட்டும் கேட்டேன். அவங்க சொன்னதையும் பிறகு நான் தேடிப் படிச்சதையும் சேர்த்து எனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதுதேன்.

நம்ம ரத்தத்துல இருக்க சிவப்பணு பழசாகி உடையும்போது மஞ்சளா ஒரு கழிவு உண்டாகும். பிலிரூபின்னு பேரு. பிறந்த பிள்ளைக்குச் சிவப்பணு நிறைய, அது சீக்கிரம் உடையும். அதனால கழிவும் கூட. இந்தக் கழிவு எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி, தண்ணியில கரையாது. ஈரல்தான் சோப்பு மாதிரி அதைக் கரையுத பொருளா மாத்தி, பித்தத்தோட குடலுக்கு அனுப்பி, மலத்துல வெளியேத்தும். பிறந்த பிள்ளைக்கு ஈரல் இன்னும் தொழில் படிக்கல, குறைமாசப் பிள்ளைக்குக் கேக்கவே வேண்டாம். நிறைமாசப் பிள்ளைங்கள்ல நூத்துக்கு அறுபதுக்கும், குறைமாசப் பிள்ளைங்கள்ல எண்பதுக்கும் முதல் வாரத்துல மஞ்சள் வரும். பெரும்பாலும் தானாவே போயிரும். போகாம ஏறுச்சுன்னா, எண்ணெய்ப் பிசுக்குங்கறதால அது மூளைக்குள்ள நுழைஞ்சு படிஞ்சிரும். படிஞ்ச பிறகு எடுக்க முடியாது.

நீல வெளிச்சம் என்ன செய்யுதுன்னா, தோலுக்கு அடியில ஓடுத பிலிரூபின் மேல பட்டு அதோட வடிவத்தையே மாத்துது. வடிவம் மாறினதும் சோப்பு இல்லாமலே தண்ணியில கரையும், பித்தத்துலயும் மூத்திரத்துலயும் வெளியே போயிரும். ஈரல் தேறுத வரைக்கும் அதோட வேலையில பாதியை வெளிச்சம் பாத்துக்குது. எல்லா வெளிச்சமும் இதுக்கு ஆகாது. 460ல இருந்து 490 நானோமீட்டர் அலை நீளம் இருக்க நீலம்தான் நல்லா வேலை செய்யும். எவ்வளவு தோல் தெரியுதோ அவ்வளவு பலன், எவ்வளவு நேரம் படுதோ அவ்வளவு பலன். அதனாலதான் பிள்ளையை உரிச்சுப் போடுறது. அதனாலதான் பால் குடுக்குத நேரம் போக ராப்பகலா வச்சிருக்குறது. சின்னவனுக்கு மூஞ்சி மட்டும், காலையில அரை மணி நேரம்.

வெயில்லயும் இந்த நீலம் இருக்குல்லான்னு கேட்டேன். "இருக்கு ஐயா. ஆனா கூடவே சூடும் இருக்கு, தோலைப் பொசுக்குற புற ஊதாக்கதிரும் இருக்கு. துணியை எடுத்தா இந்த எடைக்குக் குளிர் தாங்காது, வெயில்ல விட்டா சூடு தாங்காது. ராத்திரிக்கு என்ன செய்வீங்க?"

இந்த விளக்கு வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. இங்கிலாந்துல எசெக்ஸ் பக்கம் ராச்ஃபோர்டு ஜெனரல் ஆஸ்பத்திரி. அங்க குறைமாசப் பிள்ளைங்க வார்டுக்குப் பொறுப்பா இருந்தவங்க ஜீன் வார்டுங்கற நர்சம்மா. வார்டுக்குள்ள அடைச்சு வைக்கறதைவிடக் காத்தும் வெயிலும் பட்டா பிள்ளைங்க தேறும்னு நம்பினவங்க, எங்க அம்மா மாதிரியே. டாக்டர்மாரு வாரதுக்கு முன்னால பிள்ளைங்களை முத்தத்துக்குக் கொண்டு போயிட்டு வந்து வச்சிருவாங்களாம். 1956ல ஒரு நாள் ஒரு பிள்ளையை விரிச்சுக் காட்டுனாங்க. உடம்பெல்லாம் வெளுத்திருக்கு, ஒரு மூலையில மட்டும் முக்கோணமா நல்ல மஞ்சள். துணியோட நுனி மூடியிருந்த இடம் அது. மூடின இடத்துல மஞ்சள் கூடல, மத்த இடத்துலதான் குறைஞ்சிருக்கு.

இதைப் படிச்சதும் எனக்குப் பூசணிக்காய்தான் ஞாபகம் வந்தது. கொடியில கெடக்குத காய் மேல பச்சையா இருக்கும், தரையில படிஞ்ச பக்கம் மட்டும் வெளிறி மஞ்சளா இருக்கும். வருஷா வருஷம் பொறட்டிப் பாத்திருக்கேன். பாக்குறது வேற, அதை ஒருத்தர் கவனிச்சு அடுத்தவங்ககிட்ட காட்டுறது வேற.

கொஞ்ச நாள் கழிச்சு அதே ஆஸ்பத்திரியில மஞ்சள் ஏறின ஒரு பிள்ளையோட ரத்தக் குழாய் ஜன்னல் வெயில்ல கெடந்திருக்கு. சோதிச்சா அளவு எதிர்பாத்ததைவிட ரொம்பக் குறைவு. மிஷின்ல தப்போன்னு மறுபடி சோதிச்சா இன்னும் குறைவு. அதுக்குப் பிறகுதான் ரிச்சர்டு கிரீமர்ங்கற டாக்டரும் கூட இருந்தவங்களும் சூரியனை நம்பாம, எட்டு நீல ட்யூப் லைட்டைத் தொட்டிலுக்கு மேல வளைவாக் கட்டி வச்சாங்க. 1958ல லான்செட் பத்திரிகையில எழுதினாங்க. ஆனா உலகம் உடனே எடுத்துக்கல. அமெரிக்காவுல ஜெரால்டு லூசிங்கறவரு 1968ல குறைமாசப் பிள்ளைங்களுக்கு வச்சுப் பாத்து எழுதின பிறகுதான் அங்க பரவுச்சு. அதுவரைக்கும் மஞ்சள் ரொம்ப ஏறினா ஒரே வழி, பிள்ளையோட ரத்தத்தைக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்துட்டு வேற ரத்தம் ஏத்துறது. விளக்குக்கு அடங்காத மஞ்சளுக்கு இன்னைக்கும் அதுதான்.

ட்யூப் லைட்டுக்குப் பதிலா இப்ப எல்ஈடி வந்துட்டு. ட்யூப் பழசானா பாக்க எரியுத மாதிரியே இருக்கும், தேவையான நீலம் மட்டும் குறைஞ்சு போயிருக்கும். எல்ஈடி ரொம்ப நாள் உழைக்கும். சென்னையில ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்ங்கற கம்பெனி 'பிரில்லியன்ஸ்'னு ஒண்ணு செய்யுதாங்க, டி-ரெவ்ங்கற அமெரிக்க அமைப்பு வடிவமைச்சது. கரண்டே ஒழுங்கா இல்லாத ஊருக்கு என்ன வழின்னும் யோசிச்சிருக்காங்க. நைஜீரியாவுல லாகோஸ்ல டீனா ஸ்லஷர்ங்கற டாக்டரும் மத்தவங்களும் ஒரு பந்தல் போட்டாங்க. கார் கண்ணாடிக்கு ஒட்டுற மாதிரி ஃபிலிம்தான் கூரை. புற ஊதாக்கதிரையும் சூட்டையும் தடுத்துரும், நீலத்தை விட்டுரும். நாம மிளகா நாத்துக்கு நிழல்வலை கட்டுறோம்லா, அது மாதிரி. அதுக்கு அடியில பிள்ளைங்களை வச்சு, சூடு ஏறுதா இறங்குதான்னு ஆள் நின்னு பாத்தா, பகல் நேரத்துல ஆஸ்பத்திரி விளக்குக்குச் சமமா வேலை செய்யுதுன்னு 2015ல எழுதினாங்க. இதை எங்க அம்மாகிட்ட சொன்னப்போ, "அப்பமே சொன்னேம்லா" என்றாள்.

அன்னைக்கு டாக்டரம்மா அறையை விட்டு வெளியே வந்து அம்மாகிட்ட, "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்மா"ன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு கேட்டா. சொல்ல முடியல. சொன்னா ரெண்டு விதமாவும் போகும். கிரகணம் காரணம் இல்லன்னு ஆகும். வெயில்ல காட்டிட்டு உக்காந்திருந்த நேரத்துல இருபது கிலோமீட்டர் பஸ் ஏறி வந்திருக்கலாமேன்னும் ஆகும். எழுபத்தெட்டு வயசுக்காரி தலையில எதை இறக்கி எதை ஏத்த?

ரெண்டு நாள்ல 8க்கு இறங்கிட்டு. விளக்கை அணைச்சிட்டு மறுநாள் திரும்பவும் பாத்தாங்க. அணைச்ச பிறகு கொஞ்சம் ஏறுமாம், ஏறி 9ல நின்னுட்டு. மகள் பாலைக் கறந்து கறந்து கொடுத்தா. பால் உள்ள போனாத்தான் மலம் போகும், மலம் போனாத்தான் மஞ்சள் போகும், சர்க்கரைத் தண்ணி குடுக்காதீங்கன்னு நர்சம்மா கண்டிப்பாச் சொன்னாங்க. வீட்டுல இருந்து கொண்டு வந்த பழைய வேட்டித்துணியை மோந்து பாத்து, "பாச்சா உருண்டை போட்டு வச்ச துணியா?"ன்னு கேட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. சில பிள்ளைங்களுக்கு அந்த வாடையிலயே சிவப்பணு உடைஞ்சு மஞ்சள் ஏறிருமாம். ஒவ்வொரு வீட்டுலயும் பிள்ளைக்குன்னு எடுத்து வைக்கறது பெட்டியில உருண்டை போட்ட துணியைத்தான்.

டவுன்ல இருக்கவங்களும் பால்கனியில பிள்ளையை வெயில் காட்டுறதா கேள்விப்படுதேன். பிறந்த அன்னைக்கே, இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள மஞ்சள் தெரிஞ்சாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் போயிட்டாலும், பால் குடிக்காமத் தூங்கிக்கிட்டே கெடந்தாலும் வெயிலைத் தேடாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. கீச்சுன்னு அழுது உடம்பை வளைச்சா ஒரு நிமிஷமும் தாமதிக்காதீங்க.

பதினாலாம் நாள் பேத்தி வீட்டுக்கு வந்தா. நாத்துல பாதி அழுகிட்டு, மிச்சத்துக்கு வீரவநல்லூர்ல விலைக்கு வாங்கி நட்டேன். போன வாரம் காது டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். நல்லாக் கேக்குதுன்னு எழுதிக் குடுத்தாங்க. அந்தச் சீட்டை மகள் படிச்சுக் காட்டும்போது அம்மா சின்னவனையே பாத்துட்டு இருந்தா.

அன்னைக்குச் சாயந்திரம் திண்ணையில உக்காந்திருக்கேன். அம்மா பக்கத்துல வந்து உக்காந்தா.

"அந்த டாக்டரு பொண்ணு சின்னவனைப் பத்திக் கேட்டாளாம்லா. ஒம் மக சொன்னா."

"ஆமாம்மா."

"என்ன சொன்னா?"

சொன்னேன். பல்லைச் சொன்னேன், கண்ணைச் சொன்னேன், மஞ்சளைச் சொன்னேன். உறுதியாச் சொல்ல முடியாதுன்னு அவங்க சொன்னதையும் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசல. தெருவுல ஒரு டிராக்டர் போய் சத்தம் அடங்குத வரைக்கும் பேசல.

"அப்போ கிரகணம் இல்லையால?"

"இல்லம்மா."

அம்மா முந்தானையால மூஞ்சியைத் தொடச்சிட்டு எந்திரிச்சு உள்ள போனா. சின்னவனுக்குச் சோறு பெசையுத நேரம் அது.